பாம்பு சாப்பிட்டவர் யார்?

சனிக்கிழமை மதியம். தேசிய சேவையில் சேர்ந்த மூத்த மகன், இரண்டு வாரங்களுக்குப் பிறகு முதன்முறையாக வீட்டுக்கு வந்திருக்கிறான். ஒட்ட வெட்டிய தலைமுடி, வெயிலில் கறுத்த முகம், தோளில் பெரிய பை. அவனுக்குப் பிடித்த மீன்குழம்பைப் பாட்டி பரிமாறுகிறார். அப்பா, அம்மா, உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் தங்கை எல்லாரும் அவன் பேசுவதைக் கேட்டபடி சாப்பிடுகிறார்கள்.

"எங்க செக்ஷன்ல ஒருத்தன் பாம்பு சாப்பிட்டு மாட்டிக்கிட்டான் பாட்டி. பாவம், இந்த வாரம் அவன் வீட்டுக்கு வர லேட்டாகும்."

பாட்டியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிடுகிறது. "ஐயோ! அங்க ஒழுங்கா சோறு போட மாட்டாங்களா? பிள்ளைங்க பாம்பப் புடிச்சுத் திங்கிற நிலைமையா?"

அப்பாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா, எங்க காலத்துலயும் நாங்க நெறைய பாம்பு சாப்பிட்டிருக்கோம்" என்கிறார். பாட்டி இன்னும் திகைத்துப் போகிறார்.

உண்மையில் அங்கே யாரும் பாம்பைத் தொடக்கூட இல்லை. 'பாம்பு சாப்பிடுதல்' என்பது சிங்கப்பூர்ப் படைமுகாம்களில் வழங்கும் ஒரு கிண்டல் தொடர். வேலை நேரத்தில் யாருக்கும் தெரியாமல் நழுவிச் சென்று ஓய்வெடுப்பதைத்தான் அது குறிக்கிறது. ஹொக்கியன் மொழித் தொடர் ஒன்றைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, 'ஈட் ஸ்நேக்' என்று இளையர்கள் பேசுகிறார்கள். மலாய்மொழிப் பேச்சுவழக்கிலும் இதற்கு உறவான ஒரு சொல் உண்டு. 'உலார்' என்றால் பாம்பு. அதிலிருந்து வந்த 'மெங்குலார்' என்ற சொல், வேலை செய்யாமல் சுற்றித் திரிவதைக் குறிக்கிறது. சத்தமில்லாமல் வளைந்து நெளிந்து மறையும் பாம்பை மனத்தில் நினைத்துப் பாருங்கள். உவமை எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

தேசிய சேவையில் இதுபோன்ற சொற்கள் ஏராளம். அவை எங்கிருந்து வந்தன? வீரர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள்? அந்தச் சொற்கள் எப்போது நன்மை செய்கின்றன, எப்போது தீங்கு செய்கின்றன? இவற்றை இப்பகுதியில் காண்போம்.

பல மொழிகள் சேர்ந்த முகாம்

சிங்கப்பூர் 1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி தனிநாடானது. அப்போது நம்மிடம் இரண்டு காலாட்படைப் பிரிவுகள் மட்டுமே இருந்தன. சிறிய நாட்டைக் காக்கப் போதுமான படையை விரைவாக உருவாக்க வேண்டியிருந்தது. அதற்காக 1967ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேசிய சேவைச் சட்டத்தில் திருத்தம் நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஏறத்தாழ 900 இளையர்கள் முழுநேரத் தேசிய சேவையின் முதல் அணியாகச் சேர்ந்தனர்.

அந்த இளையர்கள் வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்தவர்கள். சிலர் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். சிலர் சீன, மலாய், தமிழ்ப் பள்ளிகளில் படித்தவர்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் இருந்தனர். ஹொக்கியன் மட்டுமே பேசத் தெரிந்த இளையர்கள் பலர் இருந்ததால், 'ஹொக்கியன் பிளாட்டூன்' என்று அழைக்கப்பட்ட பிரிவுகளே உருவாயின. அங்கே பயிற்சி விளக்கங்களும் திட்டுகளும் கிண்டல்களும் ஹொக்கியனிலேயே நடந்தன.

இவர்கள் எல்லாரும் ஒரே அறையில் உறங்கி, ஒரே சேற்றில் ஊர்ந்து, ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டார்கள். பேசுவதற்கு ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. எந்தச் சொல் சட்டென்று புரிந்ததோ, எந்தச் சொல் சிரிப்பை வரவழைத்ததோ, அந்தச் சொல்லை எல்லாரும் எடுத்துக்கொண்டனர். அது யாருடைய தாய்மொழி என்று யாரும் கேட்கவில்லை. இப்படித்தான் மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் ஆகிய மூன்றும் கலந்த ஒரு முகாம் மொழி வளர்ந்தது.

இன்று பல சீன இளையர்களுக்கே ஹொக்கியன் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் முகாமுக்குச் சென்று வந்த தமிழ் இளையர் ஒருவருக்கும் மலாய் இளையர் ஒருவருக்கும் பத்து, இருபது ஹொக்கியன் சொற்களாவது தெரிந்திருக்கும். வீடுகளில் மறைந்துவரும் சொற்கள் முகாம்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

கட்டளையிலிருந்து கிண்டலுக்கு

உங்களில் சிலர் பள்ளியில் தேசிய மாணவர் படையிலோ தேசியக் காவல் மாணவர் படையிலோ இருக்கலாம். அப்படியானால் 'செடியா' என்ற கட்டளை உங்களுக்குப் பழக்கமானது. 'ஆயத்தம்' என்று பொருள்படும் இந்த மலாய்ச் சொல்லைக் கேட்டதும் நேராக நிமிர்ந்து நிற்பீர்கள். மலாய் நம் தேசிய மொழி. அதனால் அணிவகுப்புக் கட்டளைகள் இன்றும் மலாய்மொழியில்தான் ஒலிக்கின்றன.

இந்தக் கட்டளைகளே பின்னர் நகைச்சுவைச் சொற்களாக மாறின. 'ஹெந்தாக் காக்கி' என்ற கட்டளையைப் பாருங்கள். முன்னே நகராமல், நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி மிதிக்க வேண்டும் என்பது அதன் பொருள். பல ஆண்டுகளாகப் பதவி உயர்வு கிடைக்காமல் ஒரே பதவியில் இருப்பவரைப் பற்றிப் பேசும்போதும், "அவர் ஹெந்தாக் காக்கி" என்று சொல்வார்கள். உழைப்பு நடக்கிறது, வியர்வை வழிகிறது, ஆனால் இடம் மட்டும் மாறவில்லை! இரண்டே சொற்களில் ஒரு வாழ்க்கைச் சித்திரம் கிடைத்துவிடுகிறது.

துப்பாக்கிச் சுடும் பயிற்சித் திடலில் ஒரு கட்டளை உண்டு. 'ஓன் டைம், ஓன் டார்கெட்' என்பது அது. உங்கள் இலக்கை நோக்கி, உங்களுக்கு வசதியான நேரத்தில் சுடலாம் என்று பொருள். திடலைவிட்டு வெளியே வந்ததும் இதன் பொருள் மாறிவிடும். யாராவது அவசரமே இல்லாமல் மெதுவாகச் சாப்பிட்டாலோ குளித்தாலோ, "என்ன, ஓன் டைம் ஓன் டார்கெட்டா?" என்று கேட்பார்கள்.

'வாயாங்' என்ற மலாய்ச் சொல் நாடகத்தையும் கூத்தையும் குறிக்கும். முகாமில் அது வேறு ஒரு நாடகத்தைக் குறிக்கிறது. மேலதிகாரி வரும்போது மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்வதுபோல் காட்டிக்கொள்பவர் 'வாயாங்' போடுகிறார். அதிகாரி போனதும் திரை விழுந்துவிடும்.

சுருக்கப் பெயர்களும் கிண்டலிலிருந்து தப்பவில்லை. 'நேட்டோ' என்பது 1949ஆம் ஆண்டு உருவான ஒரு பன்னாட்டு ராணுவக் கூட்டணியின் பெயர். அந்த ஆங்கில எழுத்துகளுக்கு நம் வீரர்கள் புதிய விரிவு கொடுத்தார்கள்: செயல் இல்லை, பேச்சு மட்டும். தமிழில் 'வாய்ச்சொல் வீரர்' என்று சொல்வோமே, அவரைத்தான் முகாமில் 'நேட்டோ' என்பார்கள்.

கணவாயும் பந்தும்

சில தொடர்கள் விலங்குகளிடமிருந்து வந்தவை. எந்தக் கட்டளை வந்தாலும் புரியாமல் விழிப்பவரை 'பிளர் லைக் சோத்தோங்' என்பார்கள். 'சோத்தோங்' என்றால் கணவாய். கணவாய்க்கு ஆபத்து வந்தால் அது கறுப்பு மையைப் பீய்ச்சித் தன்னைச் சுற்றியுள்ள நீரைக் கலக்கிவிடும். எதுவும் தெளிவாகத் தெரியாது. இடப்பக்கம் திரும்பச் சொன்னால் வலப்பக்கம் திரும்பி, எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து விழிக்கும் புதிய வீரருக்கு இது நல்ல உவமை அல்லவா?

'கேட்ச் நோ பால்' என்பது இன்னொரு தொடர். "பந்தைப் பிடிக்க முடியவில்லை" என்று நேர்ப்பொருள். ஆனால் அங்கே பந்து விளையாட்டு எதுவும் நடக்காது. "நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை" என்பதே கருத்து. இதுவும் ஹொக்கியன் தொடரை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்ததால் வந்தது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த வெளிநாட்டவர் ஒருவர் இதைக் கேட்டால் அவரும் 'பந்தைப் பிடிக்க' மாட்டார்!

அவசரமாக ஓடு, பிறகு காத்திரு

தேசிய சேவையை முடித்த எவரிடம் கேட்டாலும் ஒரு பழமொழியைச் சொல்வார். 'ரஷ் டு வெயிட், வெயிட் டு ரஷ்' என்பது அது. காத்திருப்பதற்காக அவசரப்படு, அவசரப்படுவதற்காகக் காத்திரு என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்க வீரர்களிடமும் இதே கருத்துள்ள ஒரு தொடர் வழங்குகிறது. எனவே இது நம் முகாமுக்கு மட்டும் உரிய அனுபவம் அல்ல.

இது எப்படி நேர்கிறது? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். காலை எட்டு மணிக்கு எல்லாரும் லாரிகளில் ஏற வேண்டும். தாமதம் நேரக்கூடாது என்று கருதும் அதிகாரி, ஏழே முக்காலுக்குத் தயாராக இருக்கும்படி சார்ஜண்டிடம் சொல்கிறார். சார்ஜண்ட் தம் பங்குக்கு ஏழரை என்கிறார். பிரிவுத் தலைவர் ஏழேகால் என்கிறார். வீரர்கள் விழுந்தடித்துக்கொண்டு ஏழேகாலுக்கு வந்து நிற்கிறார்கள். லாரியோ எட்டு மணிக்குத்தான் வரும். முக்கால் மணி நேரக் காத்திருப்பு! லாரி வந்ததும் மறுபடியும், "ஓடு, ஓடு!" என்ற குரல்.

இதில் யாருடைய தவறும் இல்லை. நூற்றுக்கணக்கான பேரையும் அவர்களுடைய ஆயுதங்களையும் ஒரே நேரத்தில் நகர்த்துவது கடினம். ஒருவர் தாமதித்தால் எல்லாரும் தாமதிக்க நேரிடும். காரணம் புரிந்தாலும் எரிச்சல் வரத்தானே செய்யும்? அந்த எரிச்சலை வீரர்கள் ஒரு பழமொழியாக்கிச் சிரித்துவிடுகிறார்கள்.

சேவை முடியும் நாளைக் குறிக்கும் 'ஓஆர்டி' என்ற சுருக்கமும் ஒரு முழக்கமாகிவிட்டது. அந்த நாளில் வீரர்கள் "ஓஆர்டி லோ!" என்று உரக்கக் கத்துவார்கள். அப்பாவின் தலைமுறையில் அதற்கு 'ஆர்ஓடி' என்று பெயர். பெயர் மாறினாலும் கத்தும் மகிழ்ச்சி மாறவில்லை.

அழுக்கு வேலையும் ஆண்மகனும்

முகாமில் யாரும் விரும்பாத வேலைகள் பல உண்டு. கழிவறையைக் கழுவ வேண்டும்; குப்பையைச் சுமக்க வேண்டும்; பயிற்சி முடிந்தபின் பளுவான பொருள்களை ஏற்றி இறக்க வேண்டும். இத்தகைய வேலையை ஹொக்கியனில் 'சாய்காங்' என்பார்கள். 'அழுக்கு வேலை' என்று நாகரிகமாகச் சொல்லலாம்.

அந்த வேலை திடீரென்று உங்கள் தலையில் விழுந்தால் உங்களை 'அரோ' செய்துவிட்டார்கள் என்று பொருள். ஆங்கிலத்தில் 'அரோ' என்றால் அம்பு. எங்கோ நின்றுகொண்டிருந்த உங்கள்மேல் அம்பு பாய்ந்துவிட்டது! வேறொருவருடைய செயலால் நீங்கள் மாட்டிக்கொண்டால், அவர் உங்களைச் 'சாபோ' செய்துவிட்டார். நாசவேலை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் இது. அம்பு வருவதற்கு முன்பே ஒதுங்கிக்கொள்வது 'சியாம்'.

ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் ஒதுங்காதவர் ஒருவர் இருப்பார். யாரும் கேட்காமலேயே துடைப்பத்தை எடுப்பார். மற்றவர்கள் களைத்துப் படுத்திருக்கும்போது தண்ணீர்க் கலன்களைத் தூக்கி வருவார். அவருக்கு நண்பர்கள் வைத்த பட்டம் 'சாய்காங் வாரியர்'. அதாவது, அழுக்கு வேலையின் போர்வீரர். கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் நன்றி இருக்கிறது. பதக்கம் கிடைக்காத உழைப்புக்கு நண்பர்களே கொடுக்கும் பதக்கம் அது. இழிவாக நினைக்கப்பட்ட ஒரு வேலையை நகைச்சுவை இப்படி உயர்த்திவிடுகிறது.

தமிழ் நாவில் முகாம் மொழி

தமிழ் இளையர்கள் இந்தச் சொற்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கவனித்தால் தமிழின் இயல்பு ஒன்று தெரியும். "சியாம் பண்ணாதே", "என்னை அரோ பண்ணிட்டாங்க", "அவன் சாபோ பண்ணிட்டான்" என்று அவர்கள் பேசுகிறார்கள். எந்த மொழிச் சொல்லாக இருந்தாலும் அதனோடு 'பண்ணு' என்ற வினையைச் சேர்த்துவிட்டால் அது தமிழ் வாக்கியத்தில் அமர்ந்துவிடுகிறது. காலமும் இடமும் காட்டும் விகுதிகளை 'பண்ணு' ஏற்றுக்கொள்கிறது. பிறமொழிச் சொல் மாறாமல் நிற்கிறது.

ராணுவச் சொற்கள் எல்லை தாண்டிப் பயணம் செய்வதும் புதிதன்று. அணிவகுப்புப் பயிற்சியைத் தமிழில் 'கவாத்து' என்கிறோம். விதிகளைக் குறிக்கும் அரபுச் சொல் ஒன்று உருது வழியாகத் தமிழுக்கு வந்து கவாத்து ஆயிற்று. மலாய்மொழியில் இதே பயிற்சிக்குக் 'கவாட்' என்று பெயர். 'சிப்பாய்' என்ற சொல்லும் பாரசீக மொழியிலிருந்து வந்ததே. படைவீரர்கள் நடந்த வழியெல்லாம் சொற்களும் நடந்திருக்கின்றன.

முகாம் மொழி முகாமுக்குள் நின்றுவிடவும் இல்லை. 'ஆர்மி டேஸ்' என்ற மேடை நாடகம் 1987ஆம் ஆண்டு அரங்கேறியது; 1996ஆம் ஆண்டு திரைப்படமாகவும் வந்தது. வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த புதிய வீரர்கள் சிலரின் கதை அது. 2012ஆம் ஆண்டில் 'ஆ பாய்ஸ் டு மென்' திரைப்படம் வெளிவந்தது. இத்தகைய படைப்புகள்வழி முகாம் மொழி வீடுகளுக்கும் பரவியது. இன்று அலுவலகத்திலும் காப்பிக்கடையிலும் 'அரோ', 'வாயாங்', 'சியாம்' போன்ற சொற்களைக் கேட்கலாம். முகாமுக்கே போகாத பெண்களும் அவற்றைப் பேசுகிறார்கள்.

ஆயினும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நண்பர்களிடம் பேசும் மொழியும் கட்டுரையில் எழுதும் மொழியும் ஒன்றல்ல. வீரர்களும் அதை அறிந்தவர்களே. நண்பனிடம் "கேட்ச் நோ பால்" என்று சொல்பவர், அதிகாரியிடம் "புரியவில்லை ஐயா, மறுபடியும் விளக்குங்கள்" என்றுதான் கேட்பார். இடமறிந்து பேசுவதும் மொழித்திறனே.

சிரிப்பு எதற்கு?

பதினெட்டு வயதில் ஓர் இளையர் வீட்டைவிட்டுப் புலாவ் தெக்கோங் தீவுக்குச் செல்கிறார். கைப்பேசியை விரும்பியபோதெல்லாம் பார்க்க முடியாது. விடிவதற்கு முன்பே எழ வேண்டும். முழுச் சுமையோடு நடக்க வேண்டும். அடிப்படைப் பயிற்சியின் இறுதியில் 24 கிலோமீட்டர் நடை காத்திருக்கிறது. முன்பின் அறியாதவர்களோடு ஒரே அறையில் தூங்க வேண்டும். வீட்டு நினைவு வரும். அழுகையும் வரும். அதை வெளியே சொல்லப் பலருக்குத் தயக்கம்.

அந்த நேரத்தில் யாராவது ஒருவர் ஒரு கிண்டல் சொல்லை வீசுவார். அறை முழுவதும் சிரிக்கும். அந்தச் சிரிப்பு இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, துன்பத்தின் அளவைக் குறைக்கிறது. இரண்டாவது, "எனக்கு மட்டும் இப்படி இல்லை, எல்லாருக்கும் இப்படித்தான்" என்று உணர்த்துகிறது. துன்பம் வரும்போது அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தில் திருவள்ளுவர் காட்டும் வழி. முகாம் வீரர்கள் பலர் அந்தக் குறளைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதைத்தான் தினமும் செய்கிறார்கள்.

ஒரு சொல்லின் எடை

இனி மீண்டும் அந்தச் சாப்பாட்டு மேசைக்குச் செல்வோம். தங்கை ஆர்வமாக ஒவ்வொரு சொல்லாகக் கேட்கிறாள். அண்ணனும் சொல்லிக்கொண்டே வருகிறான்.

"கெங்னா என்னண்ணே?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லாம, நோய்னு சொல்லி டாக்டர்கிட்ட போய் லீவு வாங்குறது. அப்படிச் செய்யறவனைச் 'சாவ் கெங்'னு கூப்பிடுவோம்."

சொல்லிவிட்டு அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சிறிது நேரம் கழித்துத் தொடர்கிறான்.

"என் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் இருக்கான்ப்பா. ஒரு வாரமா காலு வலிக்குதுன்னு சொன்னான். நாங்க எல்லாரும் கெங்குன்னு கிண்டல் பண்ணினோம். நானும்தான். அவன் அப்புறம் வலின்னு சொல்றதையே நிறுத்திட்டான். வலியோடயே ஓடினான். முந்தாநேத்து நடக்கவே முடியல. காலு எலும்புல விரிசலாம்."

மேசையில் யாரும் பேசவில்லை. அப்பா மெதுவாகக் கேட்கிறார். "அவன்கிட்ட பேசினியா?"

"இன்னும் இல்லப்பா."

இந்த இளையர் தீய நோக்கத்தோடு எதையும் சொல்லவில்லை. எல்லாரும் சொன்ன சொல்லைத்தான் அவரும் சொன்னார். ஆனால் 'கெங்' என்ற ஒரே அசைச் சொல், ஒரு நண்பரின் வாயை அடைத்துவிட்டது. பளுவைச் சுமந்து மீண்டும் மீண்டும் நடப்பதாலும் ஓடுவதாலும் கால் எலும்பில் நுண்ணிய விரிசல் ஏற்படலாம். தொடக்கத்திலேயே ஓய்வெடுத்தால் அது குணமாகும். வலியை மறைத்து ஓடினால் மோசமாகும். நம் நாட்டின் வெப்பமும் அப்படித்தான். கடும் பயிற்சியின்போது உடலின் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டினால் மூளையும் உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படும். உயிருக்கே ஆபத்து நேரலாம். தலைசுற்றுகிறது என்று சொல்லவேண்டிய ஒருவர், கேலிக்கு அஞ்சி வாய் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்?

பொய் சொல்லி ஓய்வெடுப்பவர்கள் இருப்பது உண்மைதான். அவர்கள் விட்ட வேலை மற்றவர்களின் தோளில் விழுகிறது. அந்தக் கோபத்திலிருந்துதான் இந்தச் சொல் பிறந்தது. ஆனால் ஒருவருடைய வலி உண்மையா, பொய்யா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். அறையில் உள்ளவர்கள் தீர்ப்பு வழங்க முடியாது.

பட்டப்பெயர்களும் இப்படியே. தன் அசட்டுத்தனத்தைப் பற்றித் தானே சிரிப்பது ஒன்று. மற்றொருவருடைய நிறத்தையோ உடல் பருமனையோ பேசும் மொழியையோ காட்டிச் சிரிப்பது வேறொன்று. அவரும் சிரிக்கலாம், ஆனால் தனித்து விடப்படுவோமோ என்ற பயத்தில் வரும் சிரிப்பாக அது இருக்கக்கூடும்.

நல்ல கிண்டலையும் கெட்ட கிண்டலையும் எப்படிப் பிரித்தறிவது? இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். கேலிக்கு ஆளானவர் மனமார நம்மோடு சேர்ந்து சிரிக்கிறாரா? இந்தச் சொல்லைக் கேட்டபிறகு அவர் உதவி கேட்கத் தயங்குவாரா, தயங்க மாட்டாரா? 'ரஷ் டு வெயிட்' என்பதை வைத்துக் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். யாருக்கும் காயம் இல்லை. 'சாய்காங் வாரியர்' என்பது, உதவி செய்பவரைப் பெருமைப்படுத்துகிறது. 'கெங்' என்ற சொல்லை உண்மையாகவே நோயுற்றவர்மேல் எறிந்தால், அது இரண்டு கேள்விகளிலும் தோற்றுவிடுகிறது.

இந்தக் கேள்விகள் முகாமுக்கு மட்டும் உரியவை அல்ல. உங்கள் வகுப்பறையிலும் இணைப்பாட நடவடிக்கைகளிலும் உங்களுக்கென்று சில கிண்டல் சொற்கள் இருக்கும். அவற்றையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

மீண்டும் முகாமுக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை. அண்ணன் சீருடை அணிந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராகிறான். அம்மா கொடுத்த முறுக்குப் பொட்டலங்கள் இரண்டு.

"ஏன்டா ரெண்டு?" என்கிறாள் தங்கை.

"ஒண்ணு பக்கத்துக் கட்டிலுக்கு" என்கிறான் அவன். அப்பா எதுவும் சொல்லாமல் அவன் தோளைத் தட்டிக்கொடுக்கிறார்.

அவன் தேநீர் குடித்த குவளை மேசையிலேயே இருக்கிறது. அவன் நைசாகக் கதவுப் பக்கம் நகர்கிறான். அப்போது சமையலறையிலிருந்து பாட்டியின் குரல் கேட்கிறது.

"தம்பி! குவளையக் கழுவாம எங்க போற? பாம்பு சாப்பிடுறியா?"

வீடு முழுவதும் சிரிப்பு. அவன் திரும்பி வந்து, குவளையோடு பாட்டியின் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்புகிறான்.